மூன்றாவது ஆயில் சீல்

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் 25 அடி, ஏக்கருக்கு 70 மரம், ஆக மொத்தம் 490 மரங்கள். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர் என்பதால் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் எங்களுக்கு உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழையும் உண்டு. செப்டம்பர் கடைசியில் தோப்புக்குள் போனால் புல் இடுப்பளவு நிற்கும். இரண்டு மழைக்கும் நடுவே கிடைக்கிற அந்த இரண்டு மூன்று வாரத்தில், புல் விதை உதிர்ப்பதற்குள் வெட்டி முடித்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் நாங்களும் வருடம் இரண்டு முறை ரோட்டவேட்டர் விட்டுப் புரட்டிக்கொண்டுதான் இருந்தோம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர்தான். ரோட்டவேட்டர் ஓட்டிய மறுநாள் தோப்பில் நடந்தால் அந்தச் சிவப்பு வேர்கள் துண்டு துண்டாக மண்ணோடு கலந்து கிடக்கும். அடுத்த மழையில் மேல்மண் கலங்கி வாய்க்காலில் ஓடும். நடுவில் ஒரு வருடம் களைக்கொல்லி அடித்துப் பார்த்தோம். தரை மொட்டையாகி வெயிலில் பாளம் பாளமாக வெடித்தது. 2016இல் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம்தான் தென்னை ஓலையில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ நாட்டிலேயே முதன்முதலாகப் பதிவானது. பூச்சிமருந்து அடித்தால் அந்த ஈயைக் கட்டுப்படுத்துகிற என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துவிடும் என்று தெரிந்தபோது, இனித் தோப்புக்குள் எந்த மருந்தும் வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்தோம். அதிலிருந்து புல்லை நான்கு அங்குல உயரம் விட்டு வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறோம்.

வெட்டுவதற்கு இரண்டு மெஷின். மரங்களுக்கு இடையிலுள்ள அகலமான பாதைக்கு டிராக்டரில் மாட்டும் ஐந்தடி ஸ்லாஷர். மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்திக்கு, ஆள் பிடித்து வெட்டும் 35 சிசி நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். இந்த வருடம் வெட்டுகிற வேலையைவிட, வெட்டுவதற்கு முன் ஸ்லாஷரோடு இருந்த நாட்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 20, சனிக்கிழமை. ஷெட்டைத் திறந்ததும் ஸ்லாஷருக்கு அடியில் சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். தொட்டு மோந்து பார்த்தேன், கியர் ஆயில்தான். கியர்பாக்ஸின் அடிப்பக்க சீல், அதாவது தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், மறுபடியும் போய்விட்டது. 2023இல் ஒரு சீல் மாற்றினோம், 2024இல் இன்னொன்று. இது மூன்றாவது. போன இரண்டு முறையும் பட்டறைக்கு எடுத்துப் போய், கழற்றி, புது சீல் அடித்து, ஆயில் ஊற்றி வாங்கி வந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு பருவம்தான் தாங்கியது. எங்கள் டிராக்டர் ஓட்டும் அண்ணன் பார்த்துவிட்டு, “சீலு டூப்ளிகேட்டா இருக்குமுங்க தம்பி, இந்தத் தடவை நல்லதா வாங்கிப் போட்டுருங்க” என்றார். இருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் இரண்டு கடையில் வாங்கிய இரண்டு சீலும் ஒரே மாதிரிப் போவதென்றால் வேறு ஏதோ இருக்கிறது. இந்த முறை நானே கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஸ்லாஷர் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய இரும்புத் தட்டு, அதன் நடுவே ஒரு கியர்பாக்ஸ். டிராக்டரின் பிடிஓ, அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று கொடுக்கிறது. கியர்பாக்ஸ் அதை ஏறக்குறைய 1000 சுற்றாக்கி, படுக்கையாக வரும் சுழற்சியைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. கீழே வரும் தண்டில் ஒரு பார், பாரின் இரு முனையிலும் ஆளுக்கொரு கத்தி. கத்திகள் இறுக்கிப் பூட்டியவை அல்ல, போல்ட்டில் தொங்குபவை. கல்லோ கட்டையோ மோதினால் பின்னால் மடங்கிக்கொள்ளும். ஐந்தடி வட்டத்தில் 1000 சுற்று என்றால் கத்தி முனையின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டருக்குக் குறையாது. பின்பக்கச் சங்கிலித் திரை இல்லாமல் இதை ஓட்டவே கூடாது என்பது அந்தக் கணக்கால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். ஸ்லாஷரை ஹைட்ராலிக்கில் தூக்கி, நான்கு மூலையிலும் தென்னங்கட்டை முட்டுக் கொடுத்து, அதன்மேல் இறக்கினோம். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை விடுவதில்லை. பிடிஓ ஷாஃப்டைக் கழற்றி, டிராக்டர் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோட்டர் பின்னைப் பிடுங்கி, பாரைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, புல்லர் போட்டு பாரை இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

பார் இறங்கியதும் முதல் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. தண்டைச் சுற்றி, சீலை ஒட்டி, விரல் தடிமனுக்கு ஒரு வளையம். கத்தியால் கீறி எடுத்துப் பார்த்தால் பன்னாடை நார், வாழைக்குக் கட்டிய நைலான் கயிறு, ஒரு துண்டு சொட்டுநீர் மைக்ரோடியூப் எல்லாம் சுற்றி, சூட்டில் இளகிக் கட்டியாகி இருந்தது. அந்தக் கட்டி சீலின் ரப்பர் உதட்டை வெளியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ரப்பரில் அரைவட்டத்துக்கு வெட்டு விழுந்திருந்தது. தேங்காய் போடும் நாளில் பன்னாடை விழும், அதை யாரும் பொறுக்குவதில்லை. அதன்மேல் ஸ்லாஷர் போனால் இப்படித்தான் ஆகும்.

காரணம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தியிருந்தால் நாலாவது சீலும் போயிருக்கும். ஆயிலை வடிக்க மேல்மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து ‘புஸ்’ என்று காற்று வந்தது. அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெஷின் ஓடி மாதக்கணக்காகிறது, ஷெட்டின் தகரச் சூட்டுக்கே உள்ளே காற்று அழுத்தம் கட்டுகிறது என்றால், ஓடும்போது எவ்வளவு கட்டும்? கியர்பாக்ஸின் தலையில் பிரீதர் என்று ஒரு சின்ன பிளக் உண்டு. நடுவில் ஊசித்துளை இருக்கும். ஆயில் சூடாகி உள்ளே காற்று விரியும்போது அந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும். எங்களுடையதில் துளை இருந்த இடமே தெரியவில்லை. புல்தூளும் மண்ணும் ஆயிலும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது, அதன்மேல் ஒரு கோட் பெயிண்டும் இருந்தது. போகிற வழி அடைபட்டால் அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடும். சீலின் உதடுதான் அந்த இடம். சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளிருந்து ஆயில் தள்ளிக்கொண்டு வரத்தான் செய்யும். பிளக்கைக் கழற்றி டீசலில் இரவெல்லாம் ஊறப்போட்டு, சைக்கிள் பிரேக் ஒயரின் ஒற்றைக் கம்பியை விட்டுக் குத்தினேன். ஊதிப் பார்த்தால் காற்று போயிற்று.

மூன்றாவது விஷயம் கத்தி. போன வருடம் ஒரு கத்தி பாறையில் அடித்து முனை உடைந்தது. ஜோடியாக வாங்காமல் அதை மட்டும் மாற்றினோம். ஸ்லாஷர் அதற்குப் பிறகு ஓடும்போது டிராக்டர் சீட்டு வரை ஒரு அதிர்வு வந்தது. “புதுக் கத்தி, பழகிரும்” என்று விட்டுவிட்டோம். இப்போது இரண்டையும் கழற்றி, கொப்பரை எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று 110 கிராம் வித்தியாசம். கையில் பிடித்தால் தெரியாத எடைதான். ஆனால் நடுத்தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, நிமிடத்துக்கு 1000 முறை சுற்றும்போது அந்த 110 கிராம் தண்டை ஏறக்குறைய 75 கிலோ விசையோடு ஒரு பக்கமாக இழுக்கிறது. அந்த இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுகிறது. பேரிங்கும் சீலும் அதைத்தான் ஒரு பருவம் முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்தன. தண்டை ஆட்டிப் பார்த்தேன், லேசாகச் சத்தம் கேட்டது. அடிப் பேரிங்கையும் மாற்றுவது என்று பட்டியலில் எழுதினேன்.

திங்கட்கிழமை பொள்ளாச்சி போனேன். பழைய சீலின் முதுகில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். பேரிங்கின் ஓரத்தில் அதன் எண் பொறித்திருக்கும். இந்த இரண்டையும் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துப் போனால் மாடல் பேர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரட்டை உதடு சீலாகக் கேட்டு வாங்கினேன். வெளிப்பக்க உதடு தூசியைத் தடுக்கும். கத்தி ஒரு ஜோடி, அதற்கான போல்ட்டும் புதிதாக. 90 கிரேடு கியர் ஆயில் இரண்டு லிட்டர்.

செவ்வாய்க்கிழமை பூட்டும்போது இன்னொன்றைக் கவனித்தேன். சீலின் உதடு உட்கார்ந்து ஓடிய இடத்தில் தண்டில் ஒரு காடி விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் ஆழம். புது சீலை அதே இடத்தில் அடித்தால் உதடு அந்தக் காடியில்தான் உட்காரும், கசிவு நிற்காது. லேத்தில் கொடுத்துத் தண்டுக்குச் சட்டை போடுவது ஒரு வழி. சீல் உட்காரும் கூடான ஹவுசிங்கில் ஆழம் இருந்ததால், சீலை மூன்று மில்லிமீட்டர் அதிகம் உள்ளே தள்ளி அடித்தேன். உதடு இப்போது தேயாத பளபளப்பான பரப்பில் உட்காருகிறது. தண்டின் மேல் 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றுவாக்கில் மட்டும் ஓட்டித் துடைத்தேன். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல் வழியே ஆயில் இறங்கும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான ஒரு பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி இறக்கினேன். சுத்தியலால் ஒரு ஓரத்தில் நேராக அடித்தால் சீல் கோணிக்கொள்ளும்.

ஆயிலை லெவல் பிளக் துளையில் எட்டிப் பார்க்கும் வரைக்கும்தான் ஊற்றினேன். கழுத்து வரை ஊற்றினால் சூட்டில் விரிய இடமிருக்காது. பிடிஓ ஷாஃப்டின் மூட்டுகளில் இருக்கும் இரண்டு கிராஸுக்கும் கிரீஸ் கன் வைத்து, பழைய கிரீஸ் நான்கு முனையிலும் பிதுங்கும் வரை அடித்தேன். தண்டின் மேல் கயிறு சுற்றாமல் இருக்க, நான்கு அங்குலக் குழாயில் ஒரு துண்டு அறுத்து, சீலைச் சுற்றி வேலி போல ஹவுசிங்கில் பற்றவைத்துக் கொடுத்தார் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர். எனக்கு இந்தப் பழுதிலேயே மிகவும் பிடித்த பாகம் அந்த வளையம்தான்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். வெறும் தரையில், தூக்கிய நிலையில், முதலில் மெதுவாக, அப்புறம் முழு வேகத்தில். சீட்டில் அதிர்வு இல்லை. அண்ணன் இறங்கி வந்து, ஃபெண்டர் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தார். தண்ணீரில் வட்டம் வந்தது, சிந்தவில்லை.

வெட்டுவதற்கு முந்தைய வேலை பொறுக்குவது. இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க மட்டை, பன்னாடை, விழுந்த நெற்று, ஒல்லிக்காய் எல்லாம் பொறுக்கி வரப்போரம் சேர்த்தார்கள். கையில் நீளக் கம்பு வைத்துத் தட்டிக்கொண்டே நடக்கச் சொல்லியிருந்தேன். கண்ணாடி விரியன் எங்கள் தோப்பில் உண்டு. முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் யாரையும் புல்லுக்குள் விடுவதில்லை. தென்கிழக்கு மூலையில் கௌதாரி ஒன்று காலடியிலிருந்து பறந்தது. விலக்கிப் பார்த்தால் ஆறு முட்டை. அந்த இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டுத் துணி கட்டினோம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாள் ஸ்லாஷர் ஓடியது. காலையில் பனி காயும் முன்னால் ஓட்டினால் ஈரப்புல் தட்டுக்கு அடியில் அப்பிக்கொண்டு கத்தி திணறும். அதனால் பத்து மணிக்குத்தான் தொடங்கினோம். 25 அடி இடைவெளியில் இரண்டு பக்கமும் வட்டப்பாத்திக்கு ஆறடி ஆறடி விட்டால் மீதி 13 அடி. ஐந்தடி ஸ்லாஷருக்கு மூன்று ஓட்டம். சொட்டுநீர்க் குழாய்களை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்திருப்பதால் நீளவாக்கில் ஓட்டி முடித்து, குறுக்குவாக்கிலும் ஓட்ட முடிகிறது. பிடிஓ எப்போதும் முழு 540இல் இருக்க வேண்டும். புல் அடர்த்தியானால் கியரைக் குறைத்து வண்டியின் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை அல்ல. கத்தி வேகம் குறைந்தால் புல்லை வெட்டாது, நசுக்கிக் கிழிக்கும். கோரை இருக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மணிக்கு ஒரு ஏக்கர் வீதம், குறுக்கு ஓட்டத்தையும் சேர்த்து இரண்டு நாளில் 13 மணி நேரம் ஆனது. தோப்பின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போகாமல், ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கம் நோக்கியே வெட்டினோம். முயலும் கீரியும் வெளியே ஓட வழி வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் ‘டப்’ என்று ஒரு சத்தம், ஸ்லாஷர் நின்றுவிட்டது. புல்லுக்குள் மறைந்திருந்த பழைய தென்னை அடிக்கட்டை. பிடிஓ ஷாஃப்டில் இருக்கும் ஷியர் போல்ட் இரண்டாக அறுந்திருந்தது. பத்து நிமிடத்தில் வேறு போட்டோம். அண்ணன், “கெட்டியான போல்ட்டா ஒண்ணு போட்டா அறுகாதுங்களே” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி, ஏனென்றால் 2022இல் நானே அதைச் செய்தேன். அவசரத்துக்குப் பெட்டியில் கிடைத்த, தலையில் 8.8 என்று பொறித்த கெட்டியான போல்ட்டைப் போட்டேன். அன்று கட்டையில் மோதியபோது போல்ட் அறுகவில்லை, கியர்பாக்ஸுக்குள் பல் உடைந்தது. எங்கள் மெஷினுக்குக் கையேடு சொல்வது அதைவிட பலம் குறைந்த 4.6 போல்ட்தான். கட்டையின் அடியை அது வாங்கிக்கொண்டு அறுந்தால்தான் கியர் தப்பிக்கும். அண்ணனுக்கு அந்த உடைந்த பல்லைக் காட்டினேன், இன்னும் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. இப்போது டூல்பாக்ஸில் 4.6 போல்ட் ஒரு டஜன் தனி டப்பாவில் இருக்கிறது.

பிரஷ் கட்டரில் வந்தது சின்னக் கோளாறு, ஆனால் பலருக்கும் வருவது. ஸ்டார்ட் ஆகிறது, மெதுவாக ஓடுகிறது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் செத்துப்போகிறது. காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது, பிளக்கில் தீப்பொறியும் நன்றாக வந்தது. அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை. டேங்குக்குள் இருக்கும் வடிகட்டியை ஒரு வளைந்த கம்பியால் வெளியே இழுத்தேன், பழுப்பாக இருந்தது. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ராம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப்போய் அப்பளம் மாதிரி சுருங்கியிருந்தது. ஜூலையில் டேங்கில் விட்ட பெட்ரோல் அப்படியே இரண்டு மாதம் நின்றிருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், நாள்பட நின்றால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். தினமும் ஓடும் பைக்குக்கு அது பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் மூலையில் நிற்கும் சின்ன எஞ்சினுக்கு அது சத்துரு. டயாஃப்ராம் கிட்டும் வடிகட்டியும் மாற்றி, ஜெட்டை ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்ததும் முதல் இழுப்பிலேயே எடுத்தது. கூடவே எஞ்சின் ஆயிலையும் மாற்றினேன். 10டபிள்யூ-30, 100 மில்லிதான் பிடிக்கும், 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. இது நான்கு ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது என்று டேங்க் மூடியில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தோப்பிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு ஸ்ட்ரோக் பழக்கம், கை தானாகப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலைத் தேடும். கத்தியின் நட்டு இடதுமரை என்பதையும் புது ஆளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும்.

வட்டப்பாத்தி வெட்டும்போது ஒரு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். மரத்தின் உடம்பில் கத்தி படக் கூடாது. தென்னையில் விழுந்த காயம் ஆறுவதில்லை. காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். சாறு வடிதல் நோயும் தண்டின் வெடிப்பு, காயம் வழியாகத்தான் நுழைகிறது. அதனால் பாத்தியின் வெளிவட்டத்துக்கு மூன்று பல் கத்தி, உள்ளே நைலான் நரம்பு, மரத்தை ஒட்டிய ஒரு அடிக்குக் கையரிவாள். கத்தியை வலமிருந்து இடமாக வீச வேண்டும், வெட்டு கத்தியின் இடது பக்கத்தில் விழ வேண்டும். வலது முன்முனை கெட்டியான எதிலாவது பட்டால் மெஷின் ஆளையே தள்ளும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது. மரத்துக்கு மூன்று நிமிடம், நான்கு நாள். கிழக்கு வரிசையில் தானாக முளைத்த கொழிஞ்சியை மட்டும் தொடவில்லை, பூக்கும்போது அறுத்துப் பாத்திக்குள் போட்டுக்கொள்வோம்.

செப்டம்பர் 30, செவ்வாய். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். ஸ்லாஷரைக் கவிழ்த்துக் கழுவி, தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த புல்லை மண்வெட்டியால் சுரண்டினோம். ஈரப்புல் ஒட்டிக்கிடந்தால் தகடு அரித்துவிடும். லெவல் பிளக்கைத் திறந்து பார்த்தேன், ஆயில் துளையின் விளிம்பில் ஊற்றிய அளவிலேயே இருந்தது. சீலைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்தேன், துணியில் தூசி மட்டும்தான். வளையத்துக்கு வெளியே ஒரு முழ நீளம் பன்னாடை நார் சுற்றியிருந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. பிரஷ் கட்டரின் டேங்கை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு மாட்டினேன். ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: கியர் ஆயில் 23-9-2025, ஓடியது 13 மணி, பிரீதர் ஒவ்வொரு பருவமும் குத்த வேண்டும்.

மறுநாள் காலை சந்தனம் குங்குமம் வைக்க வந்த அம்மா, குச்சி நட்ட மூலையைக் காட்டி அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அங்கே புல் இன்னும் இடுப்பளவுதான் நிற்கிறது. குஞ்சு பொரித்துப் போன பிறகு அரிவாளால் அறுத்துக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.